கரி நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது

அன்புள்ள வாசகருக்கு,

கடலைத்தோலைக் கரியாக்கிப் போட்டதும் நீலத் தண்ணீர் தெளிந்துவிட்டது, இதை வைத்து நொய்யல் ஆற்றைக் காப்பாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பூர்ப் பக்கம் பலருக்கும் உள்ள கேள்வி இது, அதனால் எல்லாரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

உங்கள் கரி செய்த வேலை உண்மையானது. கடலைத்தோலோ தேங்காய்த் தொட்டியோ பருத்திமாரோ, பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 500 டிகிரி அளவில் காற்றுப்படாமல் சுட்டால் உள்ளே நுண்துளைகள் திறந்துகொள்ளும். ஒரு கிராம் கரியில் 1,000 சதுர மீட்டர் பரப்புகூடக் கிடைக்கும். சாயம் ஒட்டுவது அந்தத் துளைச் சுவர்களில்தான்.

ஆனால் நீங்கள் சோதித்தது மெத்திலீன் நீலம்: சிறிய மூலக்கூறு, நேர்மின்னூட்டம். பனியன் துணிக்கு ஏற்றுவதோ ரியாக்டிவ் சாயம். அது பெரியது, எதிர்மின்னூட்டம் கொண்டது. குறுகிய துளைக்குள் எளிதில் நுழையாது. ஒன்றில் கிடைத்த வெற்றியை மற்றதற்குக் கணக்கெழுத முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் உப்பு. சாயம் நூலில் ஏற, அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புப் போடுகிறார்கள். அத்தனையும் கழிவோடு வெளியேறும். கரி அதைத் தொடவே தொடாது. பாசனத்துக்கெனக் கட்டி 1990-களின் தொடக்கத்தில் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனதே, அங்கே நிலத்தைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும்பங்கு உண்டு. நிறமாவது விவசாயியை எச்சரிக்கும். நிறம் போய் உப்பு மட்டும் மிஞ்சிய தண்ணீர் நல்ல தண்ணீர் மாதிரியே இருக்கும். தென்னை காய்ந்த பிறகுதான் தெரியும். இதுதான் எனக்குப் பயம்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை திரும்ப இயங்கின. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. எனும் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கியும் வேண்டும். உங்கள் கரிக்கு நல்ல இடம் ஆர்.ஓ.வுக்கு முன்னால்: எஞ்சிய நிறத்தையும் கரிமப் பொருட்களையும் பிடித்து, சவ்வு சீக்கிரம் அடைபடாமல் காக்கும். சின்ன வேலை இல்லை அது.

அடுத்த சோதனையை உப்போடு கூடிய பட்டறைத் தண்ணீரிலேயே செய்யுங்கள். சாயம் குடித்த கரியை என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். வயலோரம் கொட்டினால் மழையில் சாயம் மறுபடி கசியும். சூடாக்கி மீட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரி எரிந்து போகும். கிலோவுக்கு எவ்வளவு செலவு என்பதையும் சேர்த்து அனுப்புங்கள், அதையும் வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்