கவனமும் பொறுமையும்

எரிபொருள் இன்றி வாகனம் ஓடாது என்பதை அனைவரும் அறிவர். ஆனால் எரிபொருள் இருந்தால் மட்டும் போதாது. அது அந்த இயந்திரத்திற்கு உரியதாகவும் இருக்க வேண்டும். டீசல் வண்டியில் பெட்ரோலை நிரப்பிவிடுவது பல நாடுகளில் நிகழ்ந்துவரும் ஒரு பிழை. வண்டியின் சொந்தக்காரர் செல்போன் பேச்சில் ஆழ்ந்திருக்கிறார். பெட்ரோல் பங்க் ஊழியர் பழக்கத்தின் வசத்தால் கைக்கு எட்டிய குழாயை எடுக்கிறார். சில விநாடிகளில் முடிந்துவிடும் இச்செயல், சிந்திப்பவருக்குச் சில பாடங்களைத் தருகிறது.

இயல்பை அறிதல்

பொதுவாக, பெட்ரோல் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக் எழுப்பும் தீப்பொறியால் எரிகிறது. டீசல் என்ஜினில் தீப்பொறிக்கு வேலை இல்லை. அங்கே காற்று மட்டும் மிக அதிகமாக அழுத்தப்படுகிறது. அழுத்தத்தால் கடும் வெப்பம் அடைந்த அந்தக் காற்றினுள் டீசல் பீய்ச்சப்படும்போது அது தானே பற்றிக்கொள்கிறது. எளிதில் தானே பற்றுவது டீசலின் சிறப்பு. தீப்பொறி வரும்வரை பற்றாமல் இருப்பது பெட்ரோலின் சிறப்பு. ஒன்றின் நிறை மற்றொன்றின் இடத்தில் குறையாகிவிடுகிறது. பொருளில் குற்றம் இல்லை, பொருத்தத்தில்தான் குற்றம்.

டீசலுக்கு இன்னொரு பணியும் உண்டு. உயர் அழுத்தத்தில் இயங்கும் பம்ப்பின் பாகங்களுக்கு அதுவே மசகாகவும் அமைகிறது. பெட்ரோலுக்கு அந்த வழவழப்பு இல்லை. எனவே பெட்ரோல் உட்புகுந்தால் பம்ப்பின் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. தேய்ந்த துகள்கள் குழாய்களின் வழியே இன்ஜெக்டர்கள் வரை சென்று அவற்றையும் கெடுக்கின்றன.

பிழை தெரிந்த கணம்

தவறான எரிபொருள் தொட்டியில் விழுந்துவிட்டது என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: வண்டியைக் கிளப்பாதிருத்தல். சாவியைத் திருப்பவும் கூடாது. பல வண்டிகளில் அதனாலேயே எரிபொருள் பம்ப் இயங்கத் தொடங்கிவிடும். வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, தொட்டியை முழுவதும் வடித்து, உரிய எரிபொருளை நிரப்பினால் பெரும்பாலும் இழப்பு சிறிய அளவில் முடிந்துவிடும்.

இங்கேதான் மனம் தன் வேலையைக் காட்டுகிறது. 'கொஞ்சம்தானே விழுந்தது, ஓடிவிடும்' என்று அது சமாதானம் சொல்கிறது. பிறர் முன் பிழையை ஒப்புக்கொள்ள நேரும் கூச்சமும் பயண அவசரமும் சேர்ந்துகொள்கின்றன. தொட்டியோடு நின்றிருக்க வேண்டிய கேடு, அந்தச் சமாதானத்தால் என்ஜினின் உள்ளே சென்றுவிடுகிறது. கேட்ட கடுஞ்சொல்லும், பார்த்த தீய காட்சியும் இவ்வாறே. அவை மனத்தில் விழுந்துவிட்டதை உணர்ந்த கணத்திலேயே நிற்பவன் எளிதில் மீள்கிறான். அவற்றை எரிபொருளாக்கிச் செயலில் இறங்கியவனுக்கு மீட்சி கடினம்.

திருவள்ளுவர் மறதியின் கேட்டை உணர்த்தவே 54-ஆம் அதிகாரமாகப் 'பொச்சாவாமை'யை வைத்தார். மகிழ்ச்சிக் களிப்பில் வரும் சோர்வையே உரையாசிரியர்கள் அங்குச் சுட்டுகின்றனர். அறியாமையால் வரும் தவறுகளைக் காட்டிலும், நன்கு அறிந்தவர் அசட்டையால் செய்யும் தவறுகளே மிகுதி.

வானில் நேர்ந்த பிழை

அமெரிக்க விமானி பாப் ஹூவர் (1922–2016) இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் ஓட்டியவர். 1944-இல் பிரான்ஸ் நாட்டின் மீது சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, பின்னர் தப்பி வந்தவர். போருக்குப் பின் வான் சாகசங்களால் பெரும்புகழ் பெற்றார். இரு என்ஜின்களையும் அணைத்துவிட்டு 'ஷ்ரைக் கமாண்டர்' விமானத்தை வானில் சுழலச் செய்து தரையிறக்குவது அவர் காட்டிய வித்தைகளுள் ஒன்று.

1970-களில் ஒருநாள் கலிபோர்னியாவின் சான் டியாகோவிலிருந்து அந்த விமானத்தில் அவர் புறப்பட்டார். அதே தோற்றமுடைய, டர்பைன் என்ஜின் கொண்ட வேறொரு வகை விமானமும் உண்டு. அதுதான் இது என்று கருதிய இளம் ஊழியர் ஒருவர், பெட்ரோல் வகை எரிபொருளுக்குப் பதிலாக, மண்ணெண்ணெயை ஒத்த ஜெட் எரிபொருளை நிரப்பியிருந்தார். குழாய்களில் எஞ்சியிருந்த சரியான எரிபொருளால் விமானம் ஓடுபாதையில் சீராகவே ஓடி மேலெழுந்தது. சுமார் 300 அடி உயரத்தில் இரு என்ஜின்களும் செயலிழந்தன. விளைவு உடனே தோன்றாததால் தவறே நிகழவில்லை என்று எண்ணுவோருக்கு இது ஓர் எச்சரிக்கை.

ஹூவர் தம் நெடுநாள் பயிற்சியின் துணையால் விமானத்தைத் தரையிறக்கினார். விமானம் சிதைந்தது, அதில் இருந்த அனைவரும் உயிர் பிழைத்தனர். திரும்பி வந்த ஹூவரைக் கண்டு அந்த இளைஞர் கண்ணீர் விட்டு நின்றார். ஹூவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் தோளை அணைத்து, இனி இத்தவறு அவரிடம் நேராது என்று தாம் நம்புவதாகவும், மறுநாள் தம் விமானத்துக்கு அவரே எரிபொருள் நிரப்ப வேண்டும் என்றும் கூறினார்.

பொறுமையின் முழுமை

மன்னித்ததோடு ஹூவர் நின்றுவிடவில்லை. ஜெட் எரிபொருள் குழாயின் முனை தட்டையாகவும் அகலமாகவும் அமைந்து, பெட்ரோல் வகை விமானத் தொட்டியின் குறுகிய வாயில் நுழைய முடியாதபடி செய்யும் ஏற்பாட்டை அவர் பெரிதும் பரப்பினார். அது அவர் பெயராலேயே 'ஹூவர் முனை' என்று வழங்குகிறது.

தவறு செய்தவரைத் தண்டித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று கோபம் நினைக்கிறது. ஆனால் அடுத்த நாள் அதே இடத்தில் வேறொருவர் நிற்பார். அவருக்கும் மறதி உண்டு. தவறு செய்தவரை மன்னித்துவிட்டு வாளாவிருப்பதும் போதாது, அது அக்கறையின்மையாகிவிடும். மனிதரிடம் கருணை, தவறு மீண்டும் நிகழும் வழியை அடைப்பதில் உறுதி ஆகிய இரண்டும் சேர்ந்ததே முழுமையான பொறுமை.

இல்லத்திலும் அலுவலகத்திலும் பிறர் பிழை கண்டு சினம் எழும்போது, இரண்டு கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம்: இவர் மீண்டும் நிமிர்ந்து நிற்க என்ன சொல்ல வேண்டும்? இத்தவறு இனி யாருக்கும் நேராதிருக்க என்ன செய்ய வேண்டும்? இவ்விரண்டிற்கும் விடை தேடத் தொடங்கும் மனத்தில் சினம் நெடுநேரம் தங்குவதில்லை.