கோழிக்கறி ஆலையில் டிரைவர் இல்லாத வண்டிகள்

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவைதான் நமக்கு நினைவுக்கு வரும். சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்களும் உண்டு. தொழிற்சாலைகளில் டிரைவர் இல்லாமலே சரக்கைச் சுமந்து செல்லும் வண்டிகளை ஆட்டோமேட்டட் கைடட் வெஹிக்கிள், சுருக்கமாக ஏஜிவி என்கிறார்கள். 1950களில் அமெரிக்காவின் பாரெட் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு ஒயரைப் பின்தொடர்ந்து ஓடும் இழுவை வண்டியை உருவாக்கியது. ஏஜிவியின் தொடக்கம் அதுதான். இன்று கார் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் இவை சாதாரணம். கோழிக்கறி பதப்படுத்தும் ஆலைக்குள் இவற்றை ஓட்டுவது மட்டும் தனிக் கலை. ஏன் என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் பெரிய ஆலைகளில் கோழிகள் தலைக்கு மேலே ஓடும் சங்கிலியில் தொங்கியபடியே இறகு நீக்குவது, குடல் எடுப்பது என ஒவ்வொரு கட்டமாகச் செல்லும். அங்கே வண்டிக்கு வேலையில்லை. துண்டு போட்ட கறியைப் பெரிய தொட்டிகளிலும் பெட்டி அடுக்குகளிலும் குளிர் அறைக்குக் கொண்டு போகும்போதுதான் வண்டி தேவை. போர்க்லிப்ட் டிரைவர்கள் செய்யும் இந்த வேலையைத்தான் ஏஜிவியிடம் தருகிறார்கள்.

தான் எங்கே இருக்கிறோம் என்பது வண்டிக்கு எப்படித் தெரியும்? உங்கள் மவுஸைப் பாருங்கள். எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்பது அதற்குத் தெரியும். மேசையின் எந்த மூலையில் இருக்கிறோம் என்பது தெரியாது. அதைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் கர்சர் இருந்த இடத்திலேயே நிற்கும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று மட்டும் எண்ணும் வண்டியும் இப்படித்தான். ஆலைத் தரையில் தண்ணீரும் கொழுப்பும் இருக்கும். சக்கரம் வழுக்கினால், வண்டி நகராமலே நகர்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

எனவே வெளியில் ஓர் அடையாளம் தேவை. தரையில் காந்த டேப் ஒட்டலாம். தினமும் நடக்கும் வெந்நீர்க் கழுவலில் அது உரிந்து வந்துவிடும். தரையைக் கீறி ஒயர் பதிக்கலாம். கீறலில் கிருமி குடியேறும். எனக்குச் சரியாகப் படுவது லேசர் முறை. சுவர்களில் பிரதிபலிப்பான்களை ஒட்டிவிடுவார்கள். வண்டியின் உச்சியில் சுழலும் லேசர் குறைந்தது மூன்றையாவது பார்த்து, அவை இருக்கும் கோணங்களைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிடும். ஆலை முழுதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் பொய்யான பிரதிபலிப்புகளும் வரும். மெமரியில் உள்ள மேப்பில் இல்லாதவற்றைச் சாப்ட்வேர் தள்ளிவிடும்.

ஏசி அறையில் இருந்த கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸில் ஈரம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். குளிர் அறையிலிருந்து வெளியே வரும் வண்டியின் சென்சாருக்கும் இதே கதிதான். பேட்டரியும் குளிரில் குறைவாகவே உழைக்கும். கழுவும் நீரைத் தாங்க ஐபி69கே என்ற தரம் உண்டு. 80 டிகிரி வெந்நீரை மிக அருகிலிருந்து வேகமாகப் பீய்ச்சினாலும் உள்ளே நீர் புகக்கூடாது. வீட்டு கம்ப்யூட்டரில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்!

ஆள் குறுக்கே வந்தால்? முன்னால் உள்ள பாதுகாப்பு ஸ்கேனர் வண்டியை நிறுத்தும். இந்த ஏற்பாடு வழி சொல்லும் கம்ப்யூட்டரை நம்பி இருப்பதில்லை. அது ஹேங் ஆனாலும் பிரேக் பிடிக்கும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது வண்டி எங்கே போகக்கூடாது என்பது. லிஸ்டீரியா என்ற கிருமி பிரிட்ஜ் குளிரிலும் வளரும். 2002ல் அமெரிக்காவில் வான்கோழிக் கறி மூலம் இது பரவி 54 பேர் நோயுற்றனர். 8 பேர் இறந்தனர். 3 கர்ப்பிணிகள் சிசுவை இழந்தனர். பென்சில்வேனியா ஆலை ஒன்று சுமார் 2.74 கோடி பவுண்டு கறியைத் திரும்பப் பெற்றது. அந்த ஆலையின் தரை வடிகாலில் அதே கிருமி இருந்தது. அங்கே கிருமியைச் சுமந்தது வண்டி என்று சொல்ல வரவில்லை. வடிகால் மீது ஏறிச் செல்லும் எந்தச் சக்கரமும் அதைச் சுமக்க முடியும்.

ஆகவே பச்சைக் கறிப் பக்கத்து வண்டி, வெந்த கறிப் பக்கம் போகவே கூடாது. விண்டோஸில் ஒவ்வொரு யூசருக்கும் சில போல்டர்களைத் திறக்க அனுமதி இல்லை அல்லவா? அதுபோல மேப்பில் ஒவ்வொரு வண்டிக்கும் எல்லை போடலாம். அவசரத்தில் குறுக்கு வழியில் புகும் பழக்கம் வண்டிக்குக் கிடையாது. எப்போது, எந்த வழியே போனது என்ற பதிவும் கம்ப்யூட்டரில் இருக்கும்.

ஆனால் ஓர் ஓட்டை உண்டு. பழுதான வண்டியை மேனுவல் மோடுக்கு மாற்றி ஒருவர் தள்ளிக்கொண்டு போனால், இந்த அனுமதி எதுவும் செல்லாது. அதனால் இரு பக்கத்துக்கும் தனித்தனி வண்டிகள், தனித்தனி சார்ஜர், தனித்தனி ரிப்பேர் இடம் வேண்டும். பச்சைக் கறி, சுவரில் பொருத்திய ஓவனுக்குள் இந்தப் பக்கம் நுழைந்து, வெந்து, அந்தப் பக்கம் வெளியே வரும்.