பாடலைத் தாங்கும் இருவர்

ஒரு பாடலைக் கேட்டு முடித்ததும் நம் நினைவில் நிற்பது எது? பெரும்பாலும் பாடியவரின் குரல்தான். அடுத்ததாக மெட்டும் பாடல் வரிகளும் நினைவுக்கு வரும். ஆனால், அந்தப் பாடலைக் கேட்டபோது நம்மை அறியாமலேயே கால் தாளம் போட்டது, தலை அசைந்தது. அதற்குக் காரணமானவர்கள் யார்? மேடையில் பாடகருக்குப் பின்னால் இருக்கும் இருவர்தாம் அவர்கள். ஒருவர் பேஸ் கித்தார் வாசிப்பவர். மற்றவர் டிரம்ஸ் வாசிப்பவர். இவர்களுடைய பெயர்கள் பலருக்குத் தெரிவதில்லை. உலகப் புகழ்பெற்ற அத்தகைய இரண்டு இணைகளைப் பற்றி இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

இரண்டு கருவிகள், ஒரே வேலை

பேஸ் கித்தாரில் பொதுவாக நான்கு தடித்த தந்திகள் இருக்கும். சாதாரணக் கித்தாரைவிட இதன் ஒலி தாழ்ந்தது. முன்பெல்லாம் இந்தத் தாழ்ந்த ஒலிக்காக, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பேஸ் என்னும் மரக்கருவியைப் பயன்படுத்தினார்கள். அதைத் தூக்கிச் செல்வது கடினம். மற்றக் கருவிகள் உரக்க ஒலிக்கும்போது அதன் ஒலி அமுங்கிவிடும். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 'பிரசிஷன் பேஸ்' என்னும் மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் பேஸ் இசை எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது.

டிரம்ஸ் என்பது ஒரே கருவி அன்று. பல கருவிகளின் தொகுப்பு. காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் பெரிய முரசு, குச்சியால் அடிக்கும்போது சுள்ளென்று ஒலிக்கும் ஸ்னேர் முரசு, பளபளக்கும் உலோகத் தாளங்கள் ஆகியவை அதில் அடங்கும்.

பெரிய முரசின் 'தும்' என்னும் ஒலியும் பேஸ் கித்தாரின் சுரமும் ஒரே நொடியில் விழும்போது அவை ஒரே கருவியிலிருந்து வருவதுபோல் தோன்றும். முரசடிக்குச் சுரம் கிடைக்கிறது. சுரத்துக்கு அழுத்தம் கிடைக்கிறது. அதற்காக இருவரும் எந்நேரமும் சேர்ந்தே வாசிக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் நுழையலாம். இருவருமே ஒரு கணம் மௌனமாகவும் இருக்கலாம். ஆகவே, வாசிக்கும் திறன் மட்டும் போதாது. மற்றவரை உற்றுக் கேட்கும் திறனும் வேண்டும். வீட்டின் அடித்தளம் மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. ஆயினும், சுவரும் கூரையும் அதன்மேல்தான் நிற்கின்றன. இவ்விருவரின் வேலையும் அத்தகையதே.

டெட்ராய்ட் நகரத்து இணை

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1959ஆம் ஆண்டு பெர்ரி கோர்டி என்பவர் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் மோட்டவுன் என்று உலகெங்கும் அறியப்பட்டது. அதன் ஒலிப்பதிவுக்கூடம் பெரிய கட்டடத்தில் இல்லை. ஒரு சாதாரண வீட்டில் இருந்தது. அங்கே பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆனால், பின்னணி இசை வழங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே குழுவினர். அவர்களை 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று அழைத்தார்கள். பகலில் அங்கே வாசித்துவிட்டு, இரவில் நகரத்து விடுதிகளில் ஜாஸ் இசை வாசித்தவர்கள் அவர்களில் பலர்.

அக்குழுவின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். இவர் 1936ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது டபுள் பேஸ் வாசிக்கக் கற்றுக்கொண்டார். பின்னர் மின்கருவிக்கு மாறியபோதும் பழைய பழக்கத்தை விடவில்லை. வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே தந்திகளை மீட்டினார். அதனால் அந்த விரலுக்குக் 'கொக்கி' என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது.

அதே குழுவின் டிரம்ஸ் கலைஞர் பென்னி பெஞ்சமின். தாளம் தவறாமல் வாசிப்பதில் வல்லவர். பதினொரு வயதில் மோட்டவுனில் சேர்ந்த பார்வையற்ற சிறுவன் ஸ்டீவி வொண்டர், இவரிடமிருந்துதான் டிரம்ஸ் வாசிக்கும் முறையை அறிந்துகொண்டான்.

'டெம்டேஷன்ஸ்' குழுவினரின் 'மை கேர்ள்' என்ற பாடல் 1965ஆம் ஆண்டு அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்பாடல் ஜேமர்சனின் பேஸ் இசையோடுதான் தொடங்குகிறது. இதயத் துடிப்பைப் போன்ற சில சுரங்கள் மட்டும் முதலில் கேட்கும். பிறகு கித்தார் சேரும். அதன்பின் டிரம்ஸ் சேரும். குரல் வருவதற்கு முன்னரே கேட்பவர் மனம் பாடலுக்குள் நுழைந்துவிடுகிறது.

பெயர் இல்லாத உழைப்பு

இவ்வளவு புகழ்பெற்ற பாடல்கள் வெளிவந்தும், 1960களில் வந்த அந்த இசைத்தட்டுகளின் உறைகளில் ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்களின் பெயர்கள் அச்சிடப்படவில்லை. வானொலியில் அப்பாடல்களைக் கேட்டவர்களுக்கு ஜேமர்சன் யார், பெஞ்சமின் யார் என்று தெரியாது. பாடகர்கள் உலகம் சுற்றி வந்தார்கள். பாடலைத் தாங்கியவர்கள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

1971ஆம் ஆண்டில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. பாடகர் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் இசைத்தொகுப்பின் உறையில், வாசித்த கலைஞர்களின் பெயர்கள் இடம்பெற்றன. ஜேமர்சனின் பெயருக்கு முன்னால் 'ஒப்பற்ற' என்று பொருள்படும் அடைமொழியும் இருந்தது. ஆனால், அதைக் காணப் பென்னி பெஞ்சமின் உயிரோடு இல்லை. அவர் 1969ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார்.

1972ஆம் ஆண்டு மோட்டவுன் நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு இடம் மாறியது. ஜேமர்சனும் பின்னர் அங்குச் சென்றார். ஆயினும், பழைய இடம் அவருக்கு மீண்டும் கிடைக்கவில்லை. 1983ஆம் ஆண்டு, தம் 47ஆம் வயதில் அவர் மறைந்தார். புகழ்பெற்ற 'ராக் அண்ட் ரோல்' புகழ்மண்டபத்தில் ஜேமர்சன் 2000ஆம் ஆண்டிலும் பெஞ்சமின் 2003ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டனர். பெருமை வந்து சேர்ந்தது. பெற்றுக்கொள்ள அவர்கள்தாம் இல்லை.

ஜமைக்கா தந்த இரட்டையர்

அடுத்த இணை கரிபியன் கடலில் உள்ள ஜமைக்காத் தீவைச் சேர்ந்தது. டிரம்ஸ் கலைஞர் ஸ்லை டன்பார் 1952ஆம் ஆண்டிலும், பேஸ் கலைஞர் ராபி ஷேக்ஸ்பியர் 1953ஆம் ஆண்டிலும் பிறந்தனர். இருவரும் தலைநகர் கிங்ஸ்டனில் அருகருகே இருந்த இரவு விடுதிகளில் வெவ்வேறு குழுக்களில் வாசித்துவந்தனர். ஒருவர் வாசிப்பதை மற்றவர் சென்று கேட்டார். இப்படிக் கேட்டதில்தான் நட்பு மலர்ந்தது. 1970களில் இருவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினர்.

ஜமைக்காவின் ரெகே இசையில் ஒரு சிறப்பு உண்டு. நான்கு அடிகள் கொண்ட தாளத்தில் முதல் அடியில்தான் அழுத்தம் விழும் என்று நாம் எதிர்பார்ப்போம். ரெகே இசையின் 'ஒன் டிராப்' முறையில் டிரம்ஸ் கலைஞர் அந்த முதல் அடியைக் காலியாக விட்டுவிடுவார். மூன்றாம் அடியில்தான் பெரிய முரசு ஒலிக்கும். ஸ்லை இதிலிருந்து மாறுபட்டு, பெரிய முரசை விடாமல் அழுத்தமாக ஒலிக்கச் செய்யும் முறையைப் பரவலாக்கினார். அதன்மேல் ராபி, குறைந்த சுரங்களைக் கொண்டு கனமான பேஸ் இசையை அமைத்தார். ரெகே இசைக்குப் புதிய வேகம் கிடைத்தது.

மோட்டவுன் கலைஞர்களைப்போல் இவர்கள் பிறருக்காக மட்டும் உழைக்கவில்லை. 'டாக்சி' என்ற பெயரில் சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். தங்கள் இசையைத் தாங்களே தயாரித்து, தங்கள் பெயரிலேயே வெளியிட்டனர். அமெரிக்கக் கவிஞரும் பாடகருமான பாப் டிலன், 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் இசைத்தொகுப்புக்கு இவர்களை அழைத்து வாசிக்கச் செய்தார். 1985ஆம் ஆண்டு ரெகே இசைக்கென முதன்முறையாகக் கிராமி விருது வழங்கப்பட்டபோது, அதைப் பெற்ற 'பிளாக் உஹுரு' குழுவின் இசைக்குப் பின்னால் இருந்தவர்களும் இவர்களே. மக்கள் இவர்களைத் தனித்தனியாகக் குறிப்பிடுவது அரிது. 'ஸ்லை அண்ட் ராபி' என்று ஒரே பெயராகவே சொன்னார்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ராபி மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இணை நீடித்தது.

நாம் செய்யக்கூடியது

அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த பாடலைக் கேட்கும்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். முதல் முறை குரலைக் கேளுங்கள். இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டுப் பெரிய முரசின் ஒலியை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை அதனோடு பேஸ் கித்தார் எங்கே சேர்கிறது, எங்கே விலகுகிறது என்று கவனியுங்கள். நூறு முறை கேட்ட பாடலும் புதிதாகத் தோன்றும். பிறகு, அதை வாசித்தவர்களின் பெயர்களைத் தேடிப் படியுங்கள்.

பள்ளி விழாவில் திரை இழுப்பவரும், விளையாட்டுக் குழுவில் பந்தைக் கடத்திக் கொடுப்பவரும், வீட்டில் அதிகாலையில் எழுந்து சமைப்பவரும் ஒரு வகையில் இந்தக் கலைஞர்களைப் போன்றவர்களே. வெற்றி மேடையில் அவர்களைக் காண முடியாது. ஆனால், அவர்கள் ஒரு நாள் நிறுத்திவிட்டால் எல்லாமே நின்றுவிடும். அவர்களுடைய பெயரைச் சொல்லி நன்றி கூறுவதற்கு ஒரு நொடி போதும். அந்த நொடியை நாம் தள்ளிப்போடக்கூடாது.

அருஞ்சொற்பொருள்

அமுங்குதல் – வெளிப்படாமல் அடங்கிப்போதல்
பதின்ம வயது – 13 முதல் 19 வரையிலான வயது
மீட்டுதல் – தந்தியை விரலால் தெறித்து ஒலி எழுப்புதல்
அடைமொழி – பெயருக்கு முன் சேர்க்கப்படும் சிறப்புச்சொல்
இணை – சேர்ந்து செயல்படும் இருவர்

கருத்துணர் வினாக்கள்

1. பேஸ் கித்தாரும் டிரம்சும் வீட்டின் அடித்தளத்துடன் ஒப்பிடப்படுவது ஏன்?
2. 1951ஆம் ஆண்டுக்குப் பின் பேஸ் இசையில் ஏற்பட்ட மாற்றம் யாது?
3. 'பெருமை வந்து சேர்ந்தது. பெற்றுக்கொள்ள அவர்கள்தாம் இல்லை.' இத்தொடரின் பொருளைச் சொந்த நடையில் விளக்குக.
4. மோட்டவுன் கலைஞர்களின் நிலைக்கும் ஸ்லை, ராபி ஆகியோரின் நிலைக்கும் இடையே உள்ள இரண்டு வேறுபாடுகளை எழுதுக.
5. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ பெயர் வெளியே தெரியாமல் உழைக்கும் ஒருவரைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.