ஊட்டியைவிடக் குட்டை மலைதானே?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடக்கிறது. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். முழுக்க நடக்க ஐந்தாறு மாதம் வேண்டும் என்பதால், பலரும் லீவுக்கு ஏற்ற ஒரு துண்டை மட்டும் நடக்கிறார்கள். பாஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு எட்டும் தொலைவில் இருப்பது நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மவுண்டன்ஸ். அதைப் பற்றி உலவும் தப்புக் கணக்குகள் ஏராளம்.

நம்பிக்கை: அங்குள்ள வாஷிங்டன் சிகரம் வெறும் 1,917 மீட்டர். ஊட்டி ஊரே அதைவிட உயரம்.

உண்மை: ஊட்டி 2,240 மீட்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேலும் சோலைக்காடு உண்டு. இங்கே சுமார் 1,350 மீட்டரிலேயே மரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் இருபது கிலோமீட்டர் அளவுக்குப் பாதை மொட்டைப் பாறை முகட்டில் போகிறது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பல திசைப் புயல்கள் சந்திக்கும் இடம் அது. வடக்கு தெற்காகக் கிடக்கும் மலைத்தொடரில் மேற்குக் காற்று மோதி, நெருக்குண்டு, வேகமெடுக்கிறது. 1934 ஏப்ரல் 12-ல் உச்சியில் அளந்த காற்று மணிக்கு 372 கிலோமீட்டர். 62 ஆண்டுகள் அதுவே உலக சாதனை. பன்னிரண்டு மாதங்களிலும் அங்கே பனி பெய்த பதிவு உண்டு.

மரங்கள் முடியும் இடத்தில் மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்கள்: அமெரிக்காவின் மிக மோசமான வானிலை இதற்கு மேலே, கோடையிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள், நிலவரம் சரியில்லை என்றால் இப்போதே திரும்பு என்று. அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு மேலே போகிறவர்களை என்ன சொல்ல! ஜூலையிலும் நனைந்த பருத்திச் சட்டையோடு அந்தக் காற்றில் மாட்டினால் உடல் சூடு மளமளவென்று இறங்கும். முதலில் நடுக்கம், பிறகு பேச்சு குழறும், அப்புறம் புத்தி தடுமாறும். ஜீன்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். கம்பளி, மழைக்கோட்டு, குல்லா, கையுறை நான்கும் கோடையிலும் வேண்டும்.

நம்பிக்கை: சமதரையில் நாளைக்கு முப்பது கிலோமீட்டர் நடப்பேன். இங்கே இருபதாவது முடியும்.

உண்மை: அந்த ஊர்க் கணக்கு, மைலுக்கு அரை மணி, ஆயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னொரு அரை மணி. பத்து மைலும் நாலாயிரம் அடி ஏற்றமும் என்றால் ஓய்வே இல்லாமல் ஏழு மணி நேரம். மூட்டை கனத்தால் அதுவும் போதாது. பழைய பாதைகள் வளைந்து வளைந்து ஏறாமல் நேராகச் செங்குத்தாகப் போகின்றன. மூசிலாக்கி மலையில் பீவர் புரூக் அருவியோரம் வழுக்குப் பாறையில் மரக்கட்டைகளைப் பதித்துப் படியாக்கியிருக்கிறார்கள்; இறங்கும்போது ஒவ்வொரு கட்டையையும் காலால் தொட்டுப் பார்த்துத்தான் எடை வைக்க முடியும்.

நம்பிக்கை: வழியில் குடில்கள் இருக்கின்றன, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: சாப்பாடும் படுக்கையும் தரும் குடில்கள்தான். ஆனால் கோடையில் மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், விலையும் கையைக் கடிக்கும். வாஷிங்டன் உச்சிக்குக் கீழே இருக்கும் லேக்ஸ் ஆஃப் தி கிளவுட்ஸ் குடிலை செப்டம்பர் நடுவில் மூடிவிடுவார்கள். இடமில்லை என்றால் முகட்டில் கூடாரம் போடலாமா? மரங்கள் எட்டடிக்குக் குறைவான இடங்களில், பனி மூடாத காலத்தில், அதற்குத் தடை.

நம்பிக்கை: உச்சியில் பல்சக்கர ரயில் இருக்கிறது, முடியாவிட்டால் ஏறி வந்துவிடலாம்.

உண்மை: ரயில் 1869-லிருந்து ஓடுகிறது, சுற்றுலாப் பயணிகளுக்காக. இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். வானிலை கெட்டால் அதுவும் ஓடாது. ரயிலை நம்பாமல், லேக்ஸ் ஆஃப் தி கிளவுட்ஸ் குடிலிலிருந்து மேற்கே இறங்கும் அமோனூசக் பள்ளத்தாக்குப் பாதை போன்ற கிளைவழிகளை வரைபடத்தில் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். உச்சி வானிலை ஆய்வகம் தினமும் காலையில் முகட்டுக்கென்றே முன்னறிவிப்பு தருகிறது. அதைப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

நம்பிக்கை: மாட்டிக்கொண்டால் அரசு வந்து மீட்கும், செலவும் அவர்களுடையது.

உண்மை: மீட்பார்கள். அலட்சியத்தால் மாட்டிக்கொண்டதாகத் தெரிந்தால் நியூ ஹாம்ப்ஷயர் சட்டப்படி பில் உங்களுக்கே வரும். 25 டாலர் மீட்பு அட்டை வாங்கினால் அதிலிருந்து தப்பலாம். ஆனால் வேண்டுமென்றே ஆபத்தில் இறங்கியவரை அந்த அட்டையும் காப்பாற்றாது.