இரண்டு மில்லிமீட்டர்

நுழையும்முன்

பத்து முறை சுட்டதில் ஒரு குண்டு இலக்கின் நடுவில் பாய்ந்தது. இது திறமையா, தற்செயலா? துப்பாக்கி சுடும் விளையாட்டு இவ்வினாவிற்கு அளவுகோல் கொண்டு விடை காண்கிறது. அம்முறையை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர் இளவேனில் வாலறிவன். 2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் அவர் 60 குண்டுகளைச் சுட்டு 630.7 புள்ளிகள் பெற்றார். உடன் சென்ற இந்திய வீராங்கனை ரமிதா ஜிண்டால் 631.5 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பெற்றார். முதல் எட்டு இடங்களைப் பெறுவோரே இறுதிச் சுற்றில் நுழைய இயலும். இளவேனிலுக்குக் கிடைத்தது பத்தாம் இடம்.

இருவருக்கும் இடையே இருந்தது 0.8 புள்ளி. அது எவ்வளவு தொலைவு?

இலக்கின் வெளிவளையத்தின் விட்டம் 45.5 மி.மீ.; நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. சுடப்படும் ஈயக்குண்டின் விட்டமோ 4.5 மி.மீ. புள்ளியைவிடக் குண்டு ஒன்பது மடங்கு பெரியது! குண்டு நடுவில் சரியாகப் பாய்ந்தால் 10.9 புள்ளிகள் கிடைக்கும். அங்கிருந்து விலகும் ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி குறையும். ஆகவே 0.8 புள்ளி என்பது ஏறத்தாழ 2 மி.மீ. அதனை 60 குண்டுகளுக்கும் பங்கிட்டால், ஒரு குண்டின் பங்கு தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு.

இத்துணைச் சிறிய பிழை எங்கிருந்து வருகிறது? துப்பாக்கியிலிருந்தா, குண்டிலிருந்தா, மனிதரிடமிருந்தா? இதனைப் பிரித்தறிய மற்றொரு போட்டி உதவுகிறது. அமெரிக்காவில் வளர்ந்த அப்போட்டியின் பெயர் 'பெஞ்ச் ரெஸ்ட்'. இதில் உறுதியான மேசையின்மீது மணற்பைகளை வைத்து, அவற்றின்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, வீரர் அமர்ந்தபடி சுடுவார். உடல் நடுக்கம் பெரிதும் விலகிவிடும். எஞ்சுவன துப்பாக்கி, தோட்டா, காற்று ஆகியவற்றால் வரும் பிழைகளே. அவற்றையும் குறைக்க, வீரர்கள் தாமே வெடிமருந்தை அளந்து தோட்டாக்களை நிரப்புவர். சுடுகளத்தில் சிறு கொடிகளை நட்டுக் காற்றின் போக்கை அறிவர்.

இப்போட்டியின் ஒரு பிரிவில், நடுப்புள்ளியைத் தொட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. 100 கெஜம் தொலைவில் ஐந்து குண்டுகள் சுடப்படும். ஒன்றிலிருந்து ஒன்று மிகவும் விலகியுள்ள இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவே அளக்கப்படும். அது குறையக் குறைய வெற்றி. தேர்ந்தவர் சுட்ட ஐந்து துளைகளும் ஒரே துளைபோலத் தோன்றும்.

துளைகள் ஒன்றையொன்று நெருங்கி அமைவது செறிவு. அவை நடுப்புள்ளியை நெருங்கி அமைவது துல்லியம். ஐந்து குண்டுகளும் இடப்புறத்தில் ஓரிடத்திலேயே பாய்ந்தால், குறிகாட்டியைச் சற்றுத் திருகித் திருத்திவிடலாம். ஐந்தும் ஐந்து திசைகளில் சிதறினால் எத்திருகும் உதவாது. ஆகவே, செறிவே முதற்படி.

ஏர் ரைபிள் வீரர்களும் துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி, வெவ்வேறு தொகுதி ஈயக்குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, செறிவாகப் பாய்வனவற்றைத் தேர்ந்தெடுப்பர். ஆனால் போட்டியில் இரும்புப் பிடியும் இல்லை, மேசையும் இல்லை. நின்றபடியே சுட வேண்டும். நெஞ்சு துடிக்கும், மூச்சினால் தோள் எழுந்து தாழும். தசை வலிமையால் மட்டும் துப்பாக்கியைத் தாங்கினால், தசை களைத்தவுடன் கை நடுங்கும். எனவே, முழங்கையை இடுப்பெலும்பின் பக்கம் ஊன்றி, எலும்புகளையே தூணாக்குவர். மூச்சைச் சிறிது வெளிவிட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்துவர். சில நொடிகளுக்குள் குறி நிலைகொள்ளாவிடில், சுடாமலே துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவர். அவ்வாறு தாழ்த்தும் துணிவும் பயிற்சியால் வருவதே.

பாரிஸில் எந்தக் குண்டு தம்மைத் தடுத்தது என்று இளவேனில் சுட்டிக்காட்ட இயலாது. அறுபதும் சேர்ந்தே அந்த இரண்டு மில்லிமீட்டர். 2025 ஆம் ஆண்டு கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரில் நடைபெற்ற ஆசியப் போட்டியில், அதே 10 மீட்டர் பிரிவில் அவர் தங்கப் பதக்கம் வென்றார்.

சொல்லும் பொருளும்

செறிவு – நெருக்கம்
விட்டம் – வட்டத்தின் குறுக்களவு
விசை – சுடுவதற்காக விரலால் அழுத்தும் பகுதி
களைத்தல் – சோர்தல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. மணற்பை
2. நடுப்புள்ளி
3. இடுப்பெலும்பு

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'பெஞ்ச் ரெஸ்ட்' போட்டியில் வெற்றி எவ்வாறு அளக்கப்படுகிறது?
2. செறிவு, துல்லியம் – வேறுபாடு தருக.
3. ஏர் ரைபிள் வீரர்கள் எலும்புகளைத் தூணாக்குவது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
ஒருவர் சுட்ட ஐந்து குண்டுகளும் நடுப்புள்ளிக்கு இடப்புறம் ஓரிடத்தில் பாய்ந்தன. மற்றொருவர் சுட்டவற்றில் ஒன்று நடுவில் பாய்ந்தது, நான்கு சிதறின. பயிற்சியாளராக நீங்கள் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? காரணம் கூறுக.