பாதி நினைவிலிருந்து ஒரு புத்தகம்

கோத்தகிரி வட்டாரத்தில் எட்டாம் வகுப்புக்கு நூலகப் பாடவேளை நடத்துகிறேன். மாணவர்களில் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். "எங்க வீட்ல யாரும் புத்தகம் படிச்சதில்ல சார்" என்று சொல்வார்கள். வீட்டுப் பெரியவர்கள் முன்பு படித்து, பாதி மறந்துபோன கதை ஏதேனும் உண்டா என்று கேட்டு வரச் சொன்னேன்.

ஒரு மாணவியின் அப்பா சிறுவயதில் படித்த புத்தகத்துக்கு அட்டையே இல்லை, பெயரும் தெரியாது. அதில் ஓர் இயந்திர நாய் பேசும். எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்.

செயல்பாடு

கரும்பலகையை மூன்றாகப் பிரித்தோம்: உறுதியானவை, ஐயமானவை, இன்னும் கேட்க வேண்டியவை. உடனே சிலர் "எந்திரன்!" என்றனர். "அப்பா எப்போது படித்தார்?" என்பதை மூன்றாம் கட்டத்தில் எழுதினோம். மறுநாள் விடை வந்தது: 1990களின் தொடக்கத்தில். எந்திரன் திரைப்படம் வெளிவந்தது 2010இல். மாணவர்களே அதை அடித்துவிட்டனர்.

எஞ்சிய குறிப்புகளுடன் கிளை நூலகத்துக்குச் சென்றோம். நூலகர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துத் தந்தார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்பு நூலான அறிவியல் புனைகதை அது. நிலா, சிபி, ஜீவா என்று மாணவர்கள் எழுத்துகளை எண்ணிப் பார்த்தனர்.

சரிபார்த்தல்

இந்த இடத்தில் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டும். "நாயின் பெயர் ஜீனோவா?" என்று கேட்டால் யாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். கேள்விக்குள் விடை இருக்கக் கூடாது. அதனால் மாணவி வீட்டில், "நாயோட பேரு என்னப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவர் சற்று யோசித்து, "ஜீனோ" என்றார். "எங்கப்பா படிச்சிருக்காரு சார்" என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள்.

ஆசிரியர்களுக்கு

அட்டைப்படம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். எனவே கதாபாத்திரம், கதைக்களம், படித்த காலம் ஆகியவற்றைக் கொண்டு தேடப் பழக்குங்கள். பழைய நாவல்கள் பல முதலில் வார இதழ்த் தொடர்களாக வந்தவை; நூலாகக் கிடைக்காவிட்டால் இதழ்த் தொகுப்புகளில் தேடலாம். அருகில் கிடைக்காத நூல்களுக்குச் சென்னை கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896இல் திறக்கப்பட்ட அந்நூலகத்துக்கு, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி ஒன்றை அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

மதிப்பீட்டில், புத்தகம் கிடைத்ததா என்பதைவிட, எந்த விடையை எந்தச் சான்றால் நீக்கினார்கள் என்பதற்கே மதிப்பெண் கொடுங்கள்.