நெருப்புக்குள் ஒரு ரவை

போரின் கடைசி மாதங்களில், 2009 ஜனவரி 21இல் இலங்கை அரசு 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்த நிலத்துக்குள் எங்கள் முல்லைத்தீவின் உடையார்கட்டும் அடக்கம். அறிவித்த பிறகும் செல் விழுந்தது. அதனால்தான் இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் வளவு கொத்தினால் மண்வெட்டியில் ரவையோ வேறு ஏதாவதோ தட்டுப்படுகிறது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் கதைகளில் பாதி படம் பார்த்துப் படித்தவை.

"இத்தனை மாரி கண்டது, ஈரம் ஊறிச் செத்திருக்கும்" என்பார்கள். சாகவேண்டும் என்றில்லை. 9 மில்லிமீற்றர் பிஸ்டல் ரவையையே பாருங்கள். ஜெர்மனியில் லூகர் என்பவர் 1902 அளவில் வடிவமைத்தது. இன்று உலகத்தில் அதிகம் புழங்கும் பிஸ்டல் ரவை இதுதான். நீளம் மூன்று சென்ரிமீற்றர், நிறை 12 கிராம் அளவு. பித்தளைக் கோது, அதன் அடியில் தட்டினால் பொறி எழுப்பும் சின்னக் கிண்ணம், உள்ளே மருந்து, வாயை இறுக அடைத்தபடி சன்னம். இராணுவத்துக்குச் செய்பவற்றில் பொருத்துகளுக்கு நீர் புகாத பூச்சும் இருக்கும். வெளியே களிம்பு பிடித்துப் பச்சையாகக் கிடக்கும். உள்ளே மருந்து காய்ந்தபடியே இருக்கலாம். இரண்டாம் உலகப்போர் ரவைகள் இப்போதும் வெடிக்கின்றன.

"நெருப்பில் போட்டால் சன்னம் சீறிப் பாயும்" என்பது மற்றொன்று. சன்னத்துக்கு வேகம் கொடுப்பது குழல். குழல் இல்லாத இடத்தில் பாரமான சன்னம் பெரிதாக நகராது. மெல்லிய பித்தளைக் கோதுதான் கிழிந்து சிதறும். கண்ணைக் கெடுக்க அந்தச் சிதறல் போதும். அதைவிட, குப்பை கொளுத்தும் இடத்தில் மண்ணுக்குள் இருப்பது ரவைதான் என்று யார் கண்டார்? செல்லாகவோ கைக்குண்டாகவோ இருந்தால் கதை வேறு.

பிஸ்டல் பெரிது என்றால் அடியும் பெரிது என்பதும் சரியல்ல. பெரிய பிஸ்டலும் சிறியதும் பலவேளை அதே 9 மில்லிமீற்றர் ரவையைத்தான் சுடுகின்றன. நீண்ட குழலால் வேகம் கொஞ்சம் கூடும். பிடி நீளமென்பதால் ரவை கூடக் கொள்ளும். 1935இல் வந்த பிரௌனிங் ஹைபவரின் ரவைக்கூட்டில் 13, குளொக் 17இல் 17. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே வெடிதான். மேற்கூடு பின்னால் போய்க் கோதை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றும், அவ்வளவுதான். சூடு பட்டவன் பத்தடி பறந்து விழுவது சினிமாவில் மட்டும். எட்டுக் கிராம் சன்னத்துக்கு ஆளைத் தூக்கி எறிய முடியாது, கொல்ல முடியும்.

எல்லாவற்றிலும் பொல்லாத நம்பிக்கை ஒன்று உண்டு: ரவைக்கூட்டைக் கழற்றினால் பிஸ்டல் வெறும் இரும்பு என்பது. குழலுக்குள் ஏற்கெனவே ஏறிய ஒரு ரவை அங்கேயே இருக்கும். பல பிஸ்டல்கள் ரவைக்கூடு இல்லாமலும் அதைச் சுடும். மண்ணில் கிடைத்ததை எடுத்துச் சோதித்துப் பார்க்கிற பொடியன்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பித்தளைக்கு நல்ல விலை என்று பழைய இரும்புக்காரருக்குப் பொறுக்குவதும், ஞாபகத்துக்கென்று அலுமாரியில் வைப்பதும் இங்கே நடக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ரவை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். கண்டால் தொடவேண்டாம். தள்ளி நின்று இடத்துக்கு அடையாளம் வையுங்கள், பிள்ளைகளை அப்பால் கூட்டிக்கொண்டு போங்கள், 119க்கு எடுத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.